ஒரு அடி கழிவு

அந்தப் பட்டறையில் உலகமே ஒன்றாம் அடியிலிருந்துதான் தொடங்கும். இரும்பு வெட்டும் சக்கரம் ஒருநாள் கைதவறி அளவு நாடாவின் மேல் ஏறி இறங்கியதில், அதன் முதல் அடி துண்டாகித் தெருவில் போய் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் புதுசு வாங்கியிருப்பார்கள். வெல்டர் வாங்கவில்லை.

"முப்பது அடியில ஒரு அடி போச்சு. மிச்சம் இருபத்தொன்பது அடி கல்லு மாதிரி இருக்கு. இதைத் தூக்கிப் போடுறவன் நாளைக்கு ஒரு பல்லு விழுந்தா தாடையைத் தூக்கிப் போடுவான்" என்றார்.

அன்றிலிருந்து அங்கே ஓர் ஏற்பாடு நடந்து வந்தது. அளக்கப் போகும் வெல்டர், நாடா காட்டும் எண்ணை அப்படியே கத்துவார். அவர் மனைவி இளையவள் அதில் ஒரு அடியைக் கழித்துவிட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதுவாள். அவர் தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், சுவரைப் பார்த்து, அதே நாடாவால் குழாயில் குறி போடும்போது ஒரு அடியைக் கூட்டிக்கொள்வான். கழிப்பது அவள் வேலை, கூட்டுவது அவன் வேலை, கத்துவது வெல்டர் வேலை. இந்த மூன்று பேர் தலைக்குள் ஏறி இறங்கித்தான் அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பியெல்லாம் பிறந்தது. ஒன்றுகூடப் பிசகினதில்லை.

கொழுந்தனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு ஆள் பலம், அரை ஆள் பேச்சு. யார் எதைச் சொன்னாலும் "ஆமா" என்பான். "வானம் இடிஞ்சு விழுதுடா" என்றாலும் ஆமா, "இல்லடா, விழலை" என்றாலும் ஆமா. அதனால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர் நின்றுவிட்டது.

வில்லங்கம் மூத்தவள் வீட்டுச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. மூத்தவள் இளையவளின் அக்கா. அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அந்த வீட்டில் ஒரு தம்ளர் தேநீர்கூடச் சும்மா ஆறாது; சுற்றுப்புறத்துக்கு வெப்பத்தை இழந்துதான் ஆறும். குழந்தைகள் தடுக்கி விழுந்தால் மற்ற வீடுகளில் மருந்து போடுவார்கள். அங்கே நிலைமம் என்றால் என்ன என்று சொல்லிவிட்டு மருந்து போடுவார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டின் நடுவே வாத்தியார் சொன்னார்:

"சகலை, எங்க பள்ளிக்கூடத்து ஸ்டோருக்கு ஆள் தேடுறாங்க. நிழல். மின்விசிறி. நாற்காலி. நாற்காலிக்குக் கைப்பிடிகூட உண்டு."

"கைப்பிடி வேணும்னா நானே வெச்சுப் பத்தவெச்சுக்குவேன் சகலை" என்றார் வெல்டர், முட்டையைப் பிட்டபடி.

அதோடு போயிருக்கும். இளையவளுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. அன்று காலையில்தான் ஒரு புதுச்சட்டை பொறி பட்டுச் சல்லடையாகியிருந்தது.

"போகட்டுமே மாமா. நிழல்ல உக்காந்தாலாவது ஓட்டையில்லாத சட்டை ஒன்னு மிஞ்சும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆமாஞ்சாமி சிரித்துவிட்டு "ஆமா" என்று வேறு சொன்னான். வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. முட்டையைத் தட்டில் வைத்தார்.

"சகலை, உங்க வாசல் கேட்டு துருப்பிடிச்சு ஆடுதுல்ல? புதுசு நான் செய்யறேன். தள்ளுகதவு. தண்டவாளத்துல ஓடுற மாதிரி. அது வாசலுக்கு ஒரு நூல் பிசகினாலும் பட்டறையைப் பூட்டிச் சாவியை உங்க கையில குடுத்துட்டு ஸ்டோருக்கு வர்றேன். என் பொண்டாட்டியும் அதைத்தானே கேக்குறா."

"நான் என்ன கேட்டேன்?" என்றாள் இளையவள்.

வெல்டர் எச்சில் கையோடு எழுந்தார். கை கழுவப் போய்விட்டார். போனவர் கையைக் கழுவினதோடு அவளோடு பேச்சையும் கழுவிவிட்டார்.

அவளுக்கு அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. பட்டறை பூட்டுவதா? ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து அடித்துச் சிவந்த அவள் கையைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் கொலை நடந்ததோ என்று கேட்பார்கள். அந்தக் கையோடு கடைக்குப் போவதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. தெருவில் எந்த வாசலைக் கடந்தாலும் 'இது நான் பூசினது' என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். ஸ்டோரில் அவர் உட்கார்ந்தால் அவள் எங்கே போய் உட்காருவது? ஆனால் "தப்பா சொல்லிட்டேன்" என்று முதலில் வாயைத் திறப்பது யார்? அவள் அவர் திறக்கட்டும் என்றிருந்தாள். அவர் அவள் திறக்கட்டும் என்றிருந்தார். நடுவில் ஆமாஞ்சாமி தபால்காரனானான்.

"ஏண்டா, உங்க அண்ணிகிட்ட உப்பு எங்கேன்னு கேளு."

அண்ணி இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருப்பாள்.

"அண்ணி, உப்பு..."

"உங்க அண்ணன் மூக்குக்கு நேரா இருக்குன்னு சொல்லு."

"அண்ணே, மூக்குக்கு நேரா."

"காது கேக்குதுடா எனக்கு!"

"ஆமா."

பேச்சு நின்றதும் வீடு அப்படியொரு அமைதிக்குப் போனது. பல்லி சுவரில் நடப்பது கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தரம் வந்து "ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த அமைதிக்குள்தான் வாத்தியார் வீட்டு வாசலை அளக்க அண்ணனும் தம்பியும் போனார்கள். தம்பி நாடாவின் முனையை ஒரு தூணில் பிடித்தான். அண்ணன் மறு தூணில் எண்ணைப் படித்தார். திரும்பி வந்தபோது இளையவள் சுவரோரம் சுண்ணக்கட்டியோடு நின்றாள். வெல்டர் உள்ளே வராமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

"அண்ணி, வாசல் அகலம் பதினொன்னு" என்றான் ஆமாஞ்சாமி.

அவள் ஒன்றைக் கழித்து 'பத்து' என்று எழுதினாள். எழுதும்போது ஒரு நொடி கை தயங்கியது. அக்கா வீட்டு வாசல் அவ்வளவு சின்னதா? மற்ற நாளாக இருந்தால் "என்னங்க, சரியாப் பாத்தீங்களா?" என்று ஒரு சத்தம் கொடுத்திருப்பாள். அன்று சத்தம் கொடுக்க வழியில்லை. கேட்டால் அவள் இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

வேலை மும்முரமாக நடந்தது. வெயிலென்றால் அப்படியொரு வெயில். வெல்டர் கண்ணாடி மூடியைத் தூக்கினால் உள்ளே இருந்து முகம் வராது, வேர்வை வரும். முகம் அப்புறம் மெதுவாக வரும். தடித்த தகடு, இரட்டைச் சட்டம், அடியில் நான்கு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேரிங் வைத்து, கிரீஸை வெண்ணெய் மாதிரி அப்பினார். மூத்தவள் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: பழைய கேட்டை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது, புதுசு ஒரு விரலால் தள்ளினால் போக வேண்டும் என்று. அவளுடைய பாடு அப்படி. கடைக்குப் போக வேண்டுமென்றால் புருஷனைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து கேட்டைத் திறந்துவிட்டால் பரவாயில்லை. "கீல்லேருந்து தள்ளி நின்னு தள்ளு, கொஞ்ச விசையே போதும்" என்று ஆரம்பித்துவிடுவார். திருகு விசைப் பாடம் முடிவதற்குள் கடையை அடைத்துவிடுவார்கள்.

சட்டம் முடிந்து தரையில் கிடந்தபோது இளையவள் பூச்சு அடித்தாள். ஒரு முனையில் ஆரம்பித்தவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் மறுமுனைக்கு வந்துவிட்டாள். டப்பாவில் கால்வாசிப் பூச்சு மிச்சம். 'நமக்குக் கை பழகிடுச்சு' என்று சந்தோஷப்பட்டாள். வெல்டரும் கேட்டை இரண்டு தரம் சுற்றி வந்தார். சுவரில் எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. அது அவள் சுவர், அவளோடு பேச்சில்லாதபோது அவள் சுவரோடு என்ன பேச்சு? கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறதோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். படுத்திருந்தால் எதுவும் குட்டையாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

வாத்தியாரும் அங்கே சும்மா இருக்கவில்லை. கேட்டு ஓடுவதற்கான தண்டவாளத்தைக் கொத்தனாரை வைத்துத் தானே பதித்தார். அதில் ஒரு விஞ்ஞானத்தையும் சேர்த்தார். தண்டவாளத்தை மூடும் பக்கமாக லேசாகச் சரித்துவிட்டார்.

"சாய்தளம்" என்று மூத்தவளிடம் விளக்கினார். "திறந்துட்டுக் கையை விட்டா போதும். புவியீர்ப்பே மூடிடும். யானை நடக்குற மாதிரி மெதுவா வந்து சாத்திக்கும். உராய்வு எவ்வளவுன்னுகூடக் கணக்குப் போட்டிருக்கேன்."

மாட்டும் நாள் வந்தது. தார் ரோடு செருப்பைப் பிடித்து நிறுத்தி நலம் விசாரிக்கிற வெயில். கேட்டு ஒரு சின்ன லாரியில் போர்வை போர்த்தி வந்து இறங்கியது. எடை கொஞ்சநஞ்சமில்லை. தூக்க வந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு முன்ஜென்ம ஞாபகம் வந்துவிட்டது. ஆமாஞ்சாமி மட்டும் ஒரு முனையை இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்று "ஆமா, ஆமா" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

மதிலுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ஏற்றிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்கள். கேட்டின் பின்முனையில், வால் பக்கம், ஓர் இரும்புத் தடுப்பு. கேட்டு எவ்வளவு ஓடினாலும் வால் இந்தப் பக்கத்துத் தூணைத் தாண்டாதபடி அது பிடித்து நிறுத்தும். பாதி கேட்டு மதிலுக்குள் மறைந்திருந்ததால் நீளம் யாருக்கும் தெரியவில்லை.

வாத்தியார் எதிர்த்தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம். மறு கையை கேட்டை வரவேற்பதுபோல நீட்டியிருந்தார்.

"சார், தள்ளி நில்லுங்களேன்" என்றான் ஆமாஞ்சாமி. அவன் வாழ்க்கையில் மறுத்துப் பேசியது அது ஒன்றுதான்.

"இது யானை நடைடா. வந்து என் கையைத் தொட்டு நிக்கும். கல்லை எடு."

"ஆமா" என்று கல்லை எடுத்தான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டு கொஞ்சம் யோசித்தது. அப்புறம் ஒரு விரற்கடை நகர்ந்தது. "பாத்தியா, நிலைமம்" என்றார் வாத்தியார். அப்புறம் ஒரு முழம். "பாத்தியா, முடுக்..." என்று ஆரம்பித்தவர் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. கேட்டுக்கு ஊரில் அவசர வேலை இருந்தது போலிருக்கிறது. தண்டவாளம் கிறீச்சென்றது, காற்று விசிறியது, லாரிக்காரர் நட்டுவைத்த கம்பிபோல நிமிர்ந்தார், தெருக்கோடியில் தூங்கிய நாய் எழுந்து வேறு தெருவுக்குக் குடி போனது. வாத்தியாருக்கு ஓட நேரமில்லை. தூணோடு தூணாக ஒட்டி, வயிற்றை முதுகெலும்பு வரை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

டங்ங்!

வால் தடுப்பு தூணில் மோதிய சத்தத்துக்கு மாடியில் காய்ந்த துணியெல்லாம் கீழே வந்தது. மூத்தவள் "ஐயோ!" என்று கத்தினாள். சத்தம் அடங்கினபிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

வாத்தியார் முழுசாக நின்றார். கேட்டின் மூக்கு அவருக்கு முன்னால் அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கிற இடைவெளி. அந்த ஆளாக வாத்தியார் நின்றுகொண்டிருந்தார்.

வெல்டர் மெதுவாகப் போய் வாத்தியாரின் சட்டைப்பையிலிருந்து நாடாவை உருவி அளந்தார். அது முதல் அடி உள்ள நாடா.

"ரெண்டடி" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டடி குறையுது."

இளையவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறை போச்சு. சாவி போச்சு. சட்டென்று கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

"அப்போ கேட்டு பத்தடி. யாருடா சுவத்துல பத்துன்னு எழுதினது?" என்றார் வெல்டர், அவளைப் பார்க்காமல்.

"நான்தான் எழுதினேன்னு சொல்லுடா. பதினொன்னு சொன்னான், ஒன்னு கழிச்சேன், எப்பவும் கழிக்கிறதுதானே?"

"பதினொன்னு எப்படிடா வந்துச்சு? நான் பன்னெண்டுல்ல சொன்னேன்?"

ஆமாஞ்சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க பன்னெண்டு சொன்னீங்க அண்ணே. அண்ணி கோவத்துல கழிக்க மாட்டாங்கன்னு நான் ஒன்னு கழிச்சுச் சொன்னேன். அப்புறம் பாத்தா சுவத்துல பத்துன்னு இருக்கு."

"அதைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா ரெண்டு பேரும் என்னைத்தானே கத்துவீங்க."

வாத்தியார் தூணை விட்டு அகலாமலே நெற்றியைத் துடைத்தார். வயிறு இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனாலும் பாடம் வந்துவிட்டது.

"இருங்க. சகலை, நாடா உண்மையில என்ன காட்டுச்சு?"

வெல்டர் தலையைக் குனிந்தார். "பதிமூணு."

"அப்போ நீங்க ஏன் பன்னெண்டுன்னீங்க?"

"அவ கோவமா இருந்தா. நான் சொன்னதை அப்படியே எழுதிடுவாளோன்னு நானே கழிச்சுட்டேன்."

"ஆக, ஒரு சுழிப்பிழையை, அதான் நாடா பூஜ்யத்துல தொடங்காத பிழையை, மூணு பேர் மூணு தடவை திருத்தியிருக்கீங்க!" வாத்தியாரின் கண் மின்னியது. "ஒவ்வொருத்தரும் அடுத்தவர் மறந்துடுவார்னு நெனச்சு. இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? அளக்குறதும் அதே நாடா, வெட்டுறதும் அதே நாடா. ரெண்டு பக்கமும் அதே பிழை. பதிமூணுன்னு சொல்லி, பதிமூணுல குறி போட்டு வெட்டியிருந்தா கேட்டு கச்சிதமா பன்னெண்டு வந்திருக்கும். இத்தனை வருஷமா நீங்க கழிச்சதும் கூட்டினதும் தண்டம்!"

பட்டறைக்காரர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை ஜன்னல்களும் ஒரு வரிசையாக வந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது.

"அது இருக்கட்டும்" என்றாள் மூத்தவள். அவள் அதுவரை விழுந்த துணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யானை நடைன்னீங்களே, யானைக்கு யாரு வால்ல பட்டாசு கட்டினது?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "உராய்வை நான் பழைய கேட்டுக்கு அடியில முட்டுக்குடுத்திருந்த சக்கரத்துலேருந்து எடுத்தேன். துருப்பிடிச்ச சக்கரம். இவர் பேரிங்கு போட்டு கிரீஸ் அடைச்சிருக்கார். அதை யாரும் என்கிட்ட சொல்லலை."

"நீங்க கேட்டீங்களா?"

வாத்தியார் கேட்டின் மூக்கையே பார்த்தார். உதடு கணக்குப் போட்டது. எடை, வேகம், நின்ற தூரம். போட்டு முடித்ததும் முகம் வெளுத்தது. அவரிடம் ஒரு நல்ல குணம்: விடை தனக்கு எதிராக வந்தாலும் அழித்து எழுத மாட்டார்.

"சகலை, கேட்டு சரியான அளவுல இருந்திருந்தா கணக்குப்படி நான் இப்போ இந்தத் தூணுக்குப் பூசின பூச்சு."

"ஆமா" என்றான் ஆமாஞ்சாமி, மனசார.

"ஆனா பந்தயம் பந்தயம் சகலை" என்றார் வெல்டர். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார். "ஒரு நூல் பிசகினாலும்னு சொன்னேன். ரெண்டடி பிசகிடுச்சு. நான் சொன்ன சொல்லு..."

இளையவள் வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் மூத்தவள் துணியைத் தங்கை கையில் திணித்துவிட்டு நேராக கேட்டை நோக்கி நடந்தாள். ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். மேட்டுப் பக்கமாக அது அசையவில்லை. இரண்டு கையால் தள்ளினாள். அசைந்தது, ஆனால் விட்டதும் திரும்பி வந்துவிட்டது.

"இதைத் திறக்கணும்னா ரெண்டு ஆம்பளை வேணும்" என்றாள். "கார் போகும்போது அவங்க திறக்கட்டும்."

அப்புறம் புருஷனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அந்த இரண்டடிச் சந்து வழியாக வெளியே போனாள். தெருவில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். யாரையும் கூப்பிடாமல், ஒரு விசையும் கற்றுக்கொள்ளாமல் வெளியே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை என்பதுபோல நடந்து கோடிக்கடை வரை போனாள். கடைக்காரரிடம் ஏதோ பேசினாள், சிரித்தாள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒரு கட்டு கீரையோடு திரும்பி வந்து அதே சந்தில் நுழைந்தாள்.

"கேட்டு யாருக்கு?" என்றாள்.

"நமக்கு" என்றார் வாத்தியார்.

"தினம் பத்துத் தடவை போறது வர்றது யாரு?"

"நீ."

"எனக்குச் சரியா இருக்கு. சாவியை இடுப்புல செருகுங்க தம்பி. இந்த ரெண்டடிக்கு எனக்குத் தனியா ஒரு சின்னக் கதவு வேணும். பட்டறையைப் பூட்டிட்டா அதை யாரு செய்வா?"

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். எந்தச் சூத்திரமும் கைகொடுக்கவில்லை. "தண்டவாளத்தையும் சமமாக்கிடலாம்" என்று மெல்லச் சொன்னார்.

"மெதுவா ஆக்குங்க. சின்னக் கதவு வரட்டும்."

வெல்டர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மீட்டுக்கொண்ட பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல. கண் மட்டும் இளையவள் பக்கம் போய்ப் போய் வந்தது.

அவள் கையிலிருந்த துணியை ஆமாஞ்சாமியின் தோளில் போட்டாள். தபால்காரனைத் தாண்டி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? சின்னக் கதவுக்கு அளவெடுங்க."

வெல்டர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். வாத்தியாரின் முழு நாடாவைப் பிடித்தார்.

"எடுக்குறேன். இதுல ஒன்னை யாரு கழிக்கிறது?"

"யாரும் கழிக்க வேணாம். வாயைத் திறந்து என்கிட்ட நேரா சொல்லுங்க. அது போதும்."

"ரெண்டு!" என்று கத்தினார் வெல்டர். தெருக்கோடி வரை கேட்டது. பக்கத்துத் தெருவுக்குக் குடி போயிருந்த நாய் அங்கிருந்தே ஒரு பதில் கொடுத்தது.